டல்லாஸுக்குப் போன ஆம்புலன்ஸ்

அது 2005 என்று நினைக்கிறேன். தப்பினால் அதற்கு அடுத்த வருடம். பெங்களூர் ஓசூர் ரோட்டில் இருந்த ஒரு கால் சென்டரில் அப்போது எனக்கு வேலை. திருப்பத்தூர் பக்கத்துச் சின்ன ஊரில் பி.எஸ்ஸி. முடித்த கையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவள் நான். இரவு உட்கார்ந்தால் காலை ஆறரைக்குத்தான் எழுந்திருக்கலாம். அமெரிக்காவில் பகல் என்றால் நமக்கு இரவுதானே! "பொண்ணு ராத்திரி வேலைக்குப் போகுதாமே" என்று ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா பதில் சொன்ன கதையை ஆரம்பித்தால் தனியாக நாலு பக்கம் வரும். விடுங்கள்.

நாங்கள் வேலை பார்த்தது ஓர் அமெரிக்க இன்டர்நெட் போன் கம்பெனிக்காக. அந்த போன் என்னவென்றால், ஒரு சின்னப் பெட்டி. ஒரு பக்கம் இன்டர்நெட் வயரைச் செருக வேண்டும், இன்னொரு பக்கம் வீட்டு போனைச் செருக வேண்டும். அவ்வளவுதான், பேசலாம். கட்டணம் குறைவு, இந்தியாவுக்குப் பேசினாலும் மலிவு என்பதால் அங்கே இருக்கும் நம் ஆட்கள் நிறையப் பேர் வாங்கியிருந்தார்கள். வீடு மாறினால் பெட்டியைக் கழற்றி சூட்கேஸில் போட்டுக்கொண்டு போகலாம். எந்த ஊரில் போய்ச் செருகினாலும் அதே நம்பர் வேலை செய்யும். அதுதான் அந்த போனின் பெரிய பெருமை. நாங்களும் அதைச் சொல்லிச் சொல்லித்தான் விற்றோம்.

வேலையில் சேர்ந்த புதிதில் எங்களுக்கு நாக்கைத் திருப்பும் பயிற்சி கொடுத்தார்கள். ஆளுக்கொரு அமெரிக்கப் பெயரும் கொடுத்தார்கள். மூன்று விஷயம் மட்டும் தலையே போனாலும் செய்யக்கூடாது. போனில் ஆங்கிலம் தவிர வேறு பாஷை பேசக்கூடாது. இந்தியாவில் இருக்கிறோம் என்று வாய் தவறியும் சொல்லக்கூடாது. சொல்லிக்கொடுத்த வசனத்தை விட்டு வேறு யோசனை எதுவும் சொல்லக்கூடாது. இதில் எதை மீறினாலும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயமுறுத்தி வைத்திருந்தார்கள். எல்லா போன் காலும் பதிவாகும், அதை உட்கார்ந்து கேட்பதற்கென்றே தனியாக ஆட்கள் இருந்தார்கள்.

அன்றைக்கு ஷிஃப்ட் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே வெளுத்துக்கொண்டிருந்தது. பக்கத்து சீட்டு மலையாளிப் பெண் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு தலை சீவ ஆரம்பித்துவிட்டாள். இனிமேல் போன் வராது என்று நானும் ஒரு காலைச் செருப்புக்குள் விட்டிருந்தேன். அப்போது பீப் சத்தம்.

வழக்கமான வரவேற்பு வசனத்தை அமெரிக்க ராகத்தில் பாடி முடித்தேன். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல். "ஹலோ... ஆம்புலன்ஸ்... நோ கம். ஆம்புலன்ஸ் நோ கம்." அவ்வளவுதான் வந்தது. அப்புறம் போனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு யாரிடமோ சொன்னார்: "கொஞ்சம் பொறுத்துக்குங்க, வந்துடுவாங்க. நெஞ்சைத் தடவிக்கிட்டே இருங்க."

தூய தமிழ். எனக்குத் தூக்கமெல்லாம் பறந்துவிட்டது.

ஒரு நிமிடம் தயங்கினேன் என்று சொன்னால் அது பொய். வேலை, விதி, பதிவு எதுவுமே அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை. "அம்மா, எனக்குத் தமிழ் தெரியும். என்னாச்சு, சொல்லுங்க" என்றேன்.

"ஐயோ, தமிழா! யாரு பெத்த பொண்ணோ, நல்லா இருப்பே" என்று அந்தம்மா அழுதே விட்டார். அழுகைக்கு நடுவில் விஷயத்தைக் கறந்தேன். அவரும் கணவரும் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். மகள் ஆபீஸில், மருமகன் வெளியூரில். சாயங்காலம் காபி குடித்த கணவருக்கு நெஞ்சு வலி வந்து, சட்டை நனைகிற அளவுக்கு வேர்க்கிறது. மகள் சொல்லிக்கொடுத்திருந்தபடி 911-க்கு போன் போட்டிருக்கிறார். அது அங்கே போலீஸ், ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் ஒரே நம்பர். எடுத்த பெண்ணிடம் "ஹஸ்பண்ட், பெயின், கம், கம்" என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் ஏதோ அட்ரஸ் மாதிரி படித்துக் காட்டி ஏதோ கேட்டாளாம். இவரும் "யெஸ், யெஸ்" என்று சொல்லிவிட்டு போனை வைத்து, கதவைத் திறந்து போட்டுக் காத்திருக்கிறார். யாரும் வரவில்லை. மகளுக்குப் போட்டால் எடுக்கவில்லை. கடைசியில் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த எங்கள் நம்பரைப் பார்த்து அமுக்கியிருக்கிறார்.

"போலீசுக்குப் போன் பண்ணா அஞ்சு நிமிஷத்துல வந்துடுவாங்கன்னு பொண்ணு சொன்னாளே! ஏன்மா வரல?"

என் கம்ப்யூட்டரில் அவர்கள் வீட்டு விவரம் வந்திருந்தது. டல்லாஸ், டெக்சாஸ். "நீங்க டல்லாஸ்லதானேம்மா இருக்கீங்க?" என்று கேட்டேன்.

"டல்லாஸா? அது பழைய வீடாச்சே. வேற வேலை கிடைச்சு, கலிபோர்னியாவுக்கு மாத்திக்கிட்டு வந்துட்டாங்க. நாங்க இங்கதான் வந்து இறங்கினோம்."

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. சாதாரண போனாக இருந்தால் வயர் எந்த வீட்டுச் சுவரிலிருந்து வருகிறது என்று 911-காரர்களுக்குத் தானாகவே தெரிந்துவிடும். எங்கள் போனுக்கு வீடு கிடையாது. இன்டர்நெட் எங்கே இருக்கிறதோ அங்கே உட்கார்ந்துகொள்ளும். வாங்கும்போது எந்த விலாசம் எழுதிக்கொடுத்தார்களோ, அதுதான் அதற்குத் தெரிந்த ஒரே விலாசம். வீடு மாறும்போது அதை மாற்றச் சொல்லி எங்கோ ஒரு மூலையில் எழுதியிருக்கும். யார் படிப்பார்கள்? பெட்டியைச் செருகினார்கள், பேசியது, போதும் என்று விட்டுவிட்டார்கள். கலிபோர்னியாவில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார், ஆம்புலன்ஸ் டல்லாஸில் பழைய வீட்டைத் தேடிப் போயிருக்கிறது.

"சரி, இப்போ இருக்கற ஊர் பேர் என்னம்மா?"

"சான்... சான் ஏதோ. சான்னு ஆரம்பிக்கும்மா."

கலிபோர்னியாவில் பாதி ஊர் சான் என்றுதான் ஆரம்பிக்கும். தெருப் பெயர்? தெரியாது. அபார்ட்மென்ட் பெயர்? தெரியாது. "மூணாவது மாடி, கீழ நீச்சல் குளம் இருக்கு" என்றார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? மகள் காரில் ஏற்றிக் கோவிலுக்குக் கூட்டிப்போய், காரில் ஏற்றிக் கூட்டி வந்தால் விலாசம் எதற்குத் தெரிய வேண்டும்? எங்க அம்மாவை அங்கே கொண்டுபோய் விட்டாலும் இதே கதைதான்.

இதற்குள் எங்கள் டீம் லீடர் என் பின்னால் வந்து நின்றுவிட்டார். பெங்களூர் ஸ்ரீராம்புரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ், கன்னடம், உருது மூன்றும் ஒரே வாக்கியத்தில் பேசுவார். "ஏய், என்னாம்மா இது, ஃப்ளோர்ல தமிழ் ஓட்டிக்கினு இருக்கே? சும்னே, சும்மா வேலைக்கு வேட்டு வெச்சுக்காதே, கட் பண்ணு" என்று என் காதோரம் பல்லைக் கடித்தார்.

மைக்கை அணைத்துவிட்டு, "சார், ஹார்ட் அட்டாக். 911 பழைய ஊருக்குப் போயிடுச்சு. இப்போ எங்க இருக்காங்கன்னு அவங்களுக்கே தெரியல" என்றேன்.

அவர் முகம் மாறியது. என் ஸ்கிரீனைப் பார்த்தார்.  பக்கத்து சீட்டு போனை இழுத்து, ஸ்கிரீனில் இருந்த மகளின் செல்போன் நம்பரை அடித்தார். மணி அடித்து அடித்து மெசேஜில் போய் விழுந்தது. அதில் விஷயத்தைச் சொல்லிவிட்டு மறுபடி அடித்தார். மறுபடியும் மெசேஜ்தான். எங்கள் ஆபீஸிலிருந்து 911 அடித்தாலும் போகாது. போனாலும் எந்த ஊர் என்று சொல்வது? தலையில் கை வைத்துக்கொண்டு, "குரு, யாரையாவது புடிக்கணுமே, யாரைப் புடிக்கறது?" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். குரு என்பது பெங்களூரில் வாய்க்கு வாய் வரும், நம் ஊர் 'மச்சி' மாதிரி.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. யோசனை என்று கூடச் சொல்லக்கூடாது, எங்கள் ஊரில் யாருக்காவது நெஞ்சு வலி என்றால் முதலில் என்ன செய்வோமோ அதுதான்.

"அம்மா, நீங்க பேசறது கையில தூக்கிட்டுப் போற போனா?"

"ஆமாம்மா, வயர் இல்லாதது."

"அதைத் தூக்கிக்கிட்டு வெளிய போங்க. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்க."

அந்தம்மா அதிர்ந்துபோனார். "ஐயய்யோ, பொண்ணு திட்டுவா. இங்க யார் வீட்டுக் கதவையும் தட்டக்கூடாதாம். தெரியாதவங்க தட்டினா போலீஸைக் கூப்பிட்டுடுவாங்களாம்மா!"

"கூப்பிடட்டும்மா! நமக்கு வேண்டியதே அதுதானே!"

 "நைட்டியில இருக்கேனே" என்றார்.

"மேல ஒரு துண்டைப் போட்டுக்கிட்டு ஓடுங்கம்மா."

பின்னாலிருந்து அந்த ஐயாவின் குரல் கேட்டது. மூச்சு வாங்கிக்கொண்டே, "எனக்கு ஒண்ணுமில்லடி... கேஸ்தான்... போனை வை, பில்லு ஏறும்" என்கிறார். இந்த நிலைமையிலும் பில்லைப் பற்றிக் கவலைப்படுகிற மனுஷன்! எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. குரல் கேட்கிற வரைக்கும் உயிர் இருக்கிறது என்று ஒரு தைரியம். "சும்மா படுங்க" என்று அந்தம்மா அதட்டிவிட்டு வெளியே நடந்தார்.

முதல் கதவைத் தட்டும் சத்தம் எனக்குக் கேட்டது. யாரும் இல்லை. அடுத்த கதவு. உள்ளே நாய் குரைத்தது, ஆள் வரவில்லை. வீட்டைவிட்டுத் தள்ளிப் போகப் போக லைன் கரகரக்க ஆரம்பித்தது. பெட்டி வீட்டுக்குள் இருக்கிறது, கையில் இருக்கும் போன் எவ்வளவு தூரம்தான் தாங்கும்? "அம்மா, ரொம்ப தூரம் போகாதீங்க. எதிர்ல ஏதாவது வீடு இருக்கா?" என்று கத்தினேன். எங்கள் ஹாலில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

எதிர் வீடு திறந்தது. ஓர் ஆண் குரல், வயதான குரல், ஏதோ கேட்டது. அந்தம்மாவுக்கு "ப்ளீஸ்... ப்ளீஸ்..." என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை.

"போனை அவர் கையில குடுங்கம்மா!"

"டேக்... போன் டேக்..."

அந்த மனிதர் "ஹலோ?" என்றார். நான் செய்த கூத்தைக் கேளுங்கள். இரண்டு வருடமாகப் பழகிய வாய் அல்லவா, என்னை அறியாமல் அதே அமெரிக்க ராகத்தில் என் பொய்ப் பெயரையும் கம்பெனி பெயரையும் சொல்லி "உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்று ஆரம்பித்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் என்ன சொல்வார்களோ அதையேதான் அவரும் சொன்னார். தனக்கு எதுவும் வாங்கும் எண்ணமில்லை என்றார். அமெரிக்காவில் அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு இப்படி விற்க வருகிற போனால் நொந்துபோயிருந்தார்கள். போனைத் திருப்பிக் கொடுக்கப் போகிறார் என்று புரிந்தது. 

ராகத்தைத் தூக்கி எறிந்தேன். திருப்பத்தூரில் படித்த ஆங்கிலத்தில், எங்கள் காலேஜ் மேடம் பேசுகிற மாதிரி, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்: "ஐயா, நான் இந்தியாவில் பெங்களூரிலிருந்து பேசுகிறேன். எதையும் விற்கவில்லை. உங்கள் எதிரில் நிற்கும் அம்மாவின் கணவருக்கு நெஞ்சு வலி. அவர்கள் வீட்டு போனில் கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் வேறு மாநிலத்துக்குப் போகிறது. தயவுசெய்து உங்கள் வீட்டு போனிலிருந்து 911-ஐக் கூப்பிடுங்கள்."

டீம் லீடர் என் தோளுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்தியா என்ற வார்த்தையைக் கேட்டும் அவர் தடுக்கவில்லை.

அந்த மனிதர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். எந்த வீடு? கதவு திறந்து கிடக்கும் வீடுதான் என்றேன். அவ்வளவுதான். போனை அந்தம்மா கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினார். அவர் தன் போனில் உரத்த குரலில் பேசுவது எனக்கு இங்கே கேட்டது. தெருப் பெயர், வீட்டு எண், மாடி எல்லாவற்றையும் மளமளவென்று சொன்னார். பிறகு செருப்புக்கூடப் போடாமல் இந்த வீட்டுக்கு வந்து ஐயாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார் என்று அந்தம்மாதான் எனக்கு ரன்னிங் கமெண்டரி கொடுத்தார்.

சைரன் சத்தம் கேட்கும் வரை நான் அந்தம்மாவுடன் ஏதேதோ பேசிக்கொண்டே இருந்தேன். என்ன பேசினேன் என்று இப்போது ஞாபகமில்லை. எங்கள் ஷிஃப்ட் முடிந்து கீழே வண்டிகள் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தன. ஒருவரும் கிளம்பவில்லை. கன்னடம், மலையாளம், ஹிந்தி என்று எல்லா பாஷைக்காரர்களும் என் சீட்டைச் சுற்றி நின்றார்கள். மலையாளிப் பெண் சீப்பைக் கையில் பிடித்தபடியே கண்ணை மூடி ஜபம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டாங்கம்மா, வந்துட்டாங்க!" என்று அந்தம்மா கத்தியபோது நானும் அதையே திருப்பிக் கத்தினேன். எங்கள் ஹாலில் யாரோ கை தட்டினார்கள்.

வந்தவர்கள் கேட்ட கேள்விகள் அவருக்குப் புரியவில்லை. போனை அவர்களும் அவரும் மாற்றி மாற்றிப் பிடிக்கச் சொன்னேன். வயது என்ன, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று அவர்கள் ஆங்கிலத்தில் கேட்க, நான் தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் சொன்னேன். "பிரஷருக்குக் காலையில ஒரு குட்டி வெள்ளை மாத்திரை. பேரு வாயில வராதும்மா, டப்பாவையே காட்டிடறேன்" என்று ஓடினார். கடைசியாக ஸ்ட்ரெச்சரோடு கிளம்பும்போது, "அடுப்புல ரசம் கொதிக்குது, அணைச்சுட்டு வந்துடறேன்னு சொல்லும்மா" என்றார். அதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். வந்தவர்களில் ஒருவர் சிரித்தது கேட்டது.

போனை அப்படியே எங்கேயோ வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். கதவு சாத்தும் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. யாரும் இல்லாத வீட்டின் சத்தம் மட்டும் காதில் மெல்ல இரைந்துகொண்டிருந்தது. வைக்க எனக்கு மனசே வரவில்லை. டீம் லீடர்தான் கையை நீட்டி லைனைத் துண்டித்தார்.

அடுத்த நாள் மேனேஜர் கூப்பிட்டு, பதிவை முழுக்க ஓட்டிக் கேட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. நடுநடுவே நிறுத்தி, இங்கே என்ன சொன்னாய் என்று கேட்க, நான் சொல்லிக்கொண்டு வந்தேன். நைட்டிமேல் துண்டு போட்டுக்கொண்டு ஓடச் சொன்ன இடத்தில் அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். ஆனாலும் விதி விதிதான் என்று ஓர் எச்சரிக்கை மெயில் வந்தது. வேலை போகவில்லை. "ரூல்ஸ்படி அவரு மெயில் போட்டாரு. அந்த சீட்ல நான் இருந்தாலும் இதையேதான் பண்ணியிருப்பேன், போய் டீ குடி" என்றார் டீம் லீடர். அதற்குப் பிறகு எங்கள் டீமில் யார் கால் எடுத்தாலும், யாரும் சொல்லாமலே, "இப்போதும் அதே விலாசத்தில்தான் இருக்கிறீர்களா?" என்று முதலில் கேட்க ஆரம்பித்தோம்.

ஐயாவுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு விடியற்காலையில் டீம் லீடர், "உன் ஆளு லைன்ல இருக்காங்க" என்று ஒரு போன் காலை என்னிடம் தள்ளினார். மகள்தான். தமிழ் பேசுகிற பெண்தான் வேண்டும் என்று அடம்பிடித்திருக்கிறார்.

முதலில் கோபமாகத்தான் பேசினார். இவ்வளவு பெரிய விஷயத்தை ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டார். டல்லாஸில் அவர்களுடைய பழைய வீட்டுக்குப் போலீசும் ஆம்புலன்ஸும் போய், புதிதாகக் குடிவந்தவர்கள் பயந்துபோனதைப் பழைய சிநேகிதி ஒருத்தி போன் பண்ணிச் சொன்னாளாம். நான் மன்னிப்புக் கேட்டேன். சட்டென்று அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. "மீட்டிங்னு போனை சைலன்ட்ல போட்டு வெச்சிருந்தேன். இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தா அப்பா இல்லைன்னு டாக்டர் சொன்னார்" என்றார். அடைப்பை எடுத்து, ஐயா வீட்டுக்கு வந்துவிட்டாராம். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

அப்புறம் அந்தம்மா போனைப் பிடுங்கிக்கொண்டார். "நீயாம்மா? உன் குரலை எங்க கேட்டாலும் தெரியும்" என்று ஆரம்பித்து மூச்சு விடாமல் பேசினார். எதிர்வீட்டுக்காரர் தினமும் சாயங்காலம் வந்து ஐயாவைப் பார்த்துவிட்டுப் போகிறாராம். மனைவி இல்லாதவராம். இவர் கொடுத்த இட்லியைச் சாம்பாரில் முக்கி முக்கிச் சாப்பிடுகிறாராம். "அவர் பேசறது எனக்குப் புரியல, நான் பேசறது அவருக்குப் புரியல. ஆனா ஒரு மணி நேரம் பேசறோம்!" என்று சிரித்தார். பிறகு கேட்டார்: "நீ பெங்களூர்ல தனியாவா இருக்கே? அக்கம்பக்கத்துல யாரும்மா இருக்காங்க?"

"இருக்காங்கம்மா, நல்லவங்கதான்" என்றேன்.

பொய். எனக்குத் தெரியவே தெரியாது.

லிங்கராஜபுரத்தில் ஒரு வீட்டின் முதல் மாடியில் ஒற்றை அறையில் இருந்தேன். காலை வண்டி வந்து இறக்கிவிடும். ஏறிப் போய்ப் படுத்தால் மூன்று மணிக்குத்தான் எழுவேன். பக்கத்தில் இன்னொரு கதவு இருந்தது. கதவில் ஒரு சிலுவை ஸ்டிக்கர், வெளியே நாலைந்து ஜோடி செருப்பு. அவ்வளவுதான் அந்த வீட்டைப் பற்றி எனக்குத் தெரியும். கலிபோர்னியாவில் இருந்தவரிடம் போய்த் தட்டு, போய்த் தட்டு என்று கத்தினேனே, எனக்கு ஒன்று என்றால் நான் யார் கதவைத் தட்டுவேன்?

அன்றைக்கு வண்டியை விட்டு இறங்கி மாடி ஏறி நேராக அந்தக் கதவின் முன்னால் போய் நின்றேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. திரும்பிப் போய்விடலாமா என்று கூட இருந்தது. தட்டிவிட்டேன்.

அம்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு அம்மா, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே திறந்தார். "யாரு... அட, நைட் டூட்டி பொண்ணு! என்னம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"இல்லைங்க ஆன்ட்டி. சும்மாதான். பக்கத்துலயே இருக்கேனே, பார்த்துட்டுப் போலாம்னு..."

"ரெண்டு வருசம் கழிச்சு இன்னிக்குத்தான் தோணுச்சா?" என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் அசடு வழியச் சிரித்தேன்.

அப்போது உள்ளே சமையலறையிலிருந்து மருமகள் போலிருக்கிறது, ஒரு பெண் குரல் கொடுத்தது. வாசலில் நான் நிற்பது அவளுக்குத் தெரியாது. "அத்தே, வண்டிச் சத்தம் கேட்டுச்சே, அந்தப் பொண்ணு வந்துடுச்சா? வந்துடுச்சுன்னா மிக்ஸி போடல, மூணு மணிக்கு மேல அரைச்சுக்கறேன்."

எனக்குப் புரியவில்லை. ஆன்ட்டி கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்: "ராவெல்லாம் முழிச்சுட்டு வந்து தூங்கற புள்ளை. நடுவுல ஒரே ஒரு செவுரு. இங்க மிக்ஸி போட்டா அங்க முழிச்சுக்கும். அதான் நீ வர்றதுக்குள்ள அரைச்சுடுவோம், இல்லாட்டி நீ எழுந்தப்புறம். பசங்களையும் படிக்கட்டுல ஓடாதேன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

 "உள்ள வாம்மா, காபி குடிச்சுட்டுத் தூங்குவே" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் நான் எத்தனையோ வீடு மாறிவிட்டேன். எங்கே போனாலும் சாமான் இறக்கும் முன்பே அக்கம்பக்கத்துக் கதவைத் தட்டி, "இங்க குடிவந்திருக்கேங்க" என்று சொல்லிவிடுகிறேன். சிலர் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும். பெங்களூரில் எனக்கு யாருமில்லை என்று நினைத்துக்கொண்டு நான் தினமும் நிம்மதியாகத் தூங்கிய தூக்கமே, பெயர்கூடத் தெரியாத ஒரு பக்கத்து வீடு எனக்காகச் சத்தமில்லாமல் இருந்து கொடுத்தது என்பதை நினைத்தால், இன்றைக்கும் எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது, நிறைவாகவும் இருக்கிறது.